ஏழரைக்கு மேல் ரெண்டு நிமிஷம்

சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. மினுக்கட்டும், நன்றாக மினுக்கட்டும், பச்சைக்கு மாறவே வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடைப்பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தாள் கோகிலவாணி. கேமராப் பையின் வாரில் மாட்டியிருந்த ஜிபிஎஸ் பெட்டி அது. தீப்பெட்டி அத்தனைதான் இருக்கும், அது படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களில் நாலைந்து அதன் கண்ணில் பட்டால் பச்சையாகும். பச்சையான பிறகு நீ எங்கே நிற்கிறாய், எங்கே போகிறாய் என்று நொடிக்கு நொடி குறித்துக்கொண்டே வரும். கேமரா தன் பங்குக்கு எந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று குறித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்துவிட்டால், இந்த மணிக்கு நீ இந்த இடத்தில் இருந்தாய், ஆகவே இந்தப் படம் இந்த இடத்தில் எடுத்தது என்று ஒவ்வொரு படத்தையும் மேப்பில் குத்தி வைக்கும். வாங்கும்போது கடைக்காரன் சொன்னான், மனுசன் பொய் சொல்லுவான், இது சொல்லாதுங்க என்று. அவன் வாயில் கொள்ளிக்கட்டையை வைக்க. பொய்யே சொல்லாத இந்தப் பெட்டிதான் போன மாசம் பழனாத்தாக்காவின் குடியைக் கெடுத்தது. இன்றைக்குப் பச்சையானால் மிச்சத்தையும் கெடுத்துவிடும். இன்னும் சித்த நேரத்தில் மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி ஞானசேகரனின் ஜீப் வரும். அவர் கண்ணெதிரே அவள் இந்தப் பாலத்தை ஒரு படம் எடுக்க வேண்டும். அவர் லேப்டாப்பில் போட்டுப் பார்ப்பார். படம் பாலத்தின் மேலேயே விழுந்தால் பெட்டியும் சரி, கேமராவும் சரி. இரண்டும் சரியென்றால் போன மாசத்துப் படங்களும் சரி. அவை சரியென்றால் பட்டறை லாரி சாயத்தண்ணி கொட்டிய இடம் இந்தப் பாலம் இல்லை, பழனாத்தாவின் தோட்டம். படம் சரியாகத்தான் விழும். சரியாக விழ விழத்தானே பொய் கெட்டியாகிறது. அவ்வளவுக்கும் காரணம், நேற்று அவள் வீட்டுக்காரன் கேமராவில் மணியைச் சரிபண்ணி வைத்ததுதான்.

யார் கேட்டார்கள் அந்த மனுசனை. இருபது வருசமாகச் சரிபண்ணாத மணியை நேற்றுத்தானா சரிபண்ண வேண்டும். சென்னியப்பன் ஸ்டுடியோ என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணத்துக்கு அதுதான், அவன் வராமல் தாலி ஏறாது என்று பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஏற்ற மாதிரி வீட்டில் உள்ள கெடியாரமெல்லாம் பத்து நிமிஷம் வேகம். கூடத்துக் கெடியாரம், சமையல்கட்டுக் கெடியாரம், அவன் கைக்கெடியாரம், அவள் கைக்கெடியாரம், ஸ்கூட்டர் வண்டியில் ஒட்டி வைத்த பொம்மைக் கெடியாரம், கடைசியில் கேமராவும். "முகூர்த்தம் தப்பிப்போச்சுனா இன்னொருக்காக் கட்டுங்கனு சொல்ல முடியுமா புள்ள?" என்பான். சொல்ல முடியாதுதான். ஆனால் கெடியாரம் வேகம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமே. ஏழு மணி காட்டினால் ஆறு ஐம்பதுதான், இன்னொரு டம்ளர் காப்பி குடிக்கலாம் என்று முதலில் உட்காருகிறவன் அவன்தானே. பத்து நிமிஷத்தை முன்னால் தள்ளி வைப்பதும் அவனே, மனசுக்குள் கழித்துக்கொள்வதும் அவனே, இதில் என்னத்தை மிச்சம் பிடித்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கழித்துக் கழித்து அவளுக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது, கழிக்கிறோம் என்பதே மறந்துபோச்சு. பெட்டிக்குக் கழிக்கத் தெரியவில்லை. பெட்டிக்கு மணி ஆகாசத்திலிருந்து வருகிறது, அது சென்னியப்பன் வீட்டுச் சோற்றைத் தின்று வளரவில்லை. அன்றைக்கு லாரியை எடுத்த படத்துக்குக் கேமரா ஆறே கால் என்றது, பெட்டியும் போய்த் தன் கணக்கில் ஆறே காலைத் தேடியது, ஆறே காலுக்கு அவள் எங்கே இருந்தாளோ அங்கே கொண்டுபோய் அத்தனை படத்தையும் குத்தியது. ஆறே காலுக்கு அவள் பழனாத்தாவின் களத்துக் கயிற்றுக்கட்டிலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். தப்பு எங்கே என்று அவளுக்குப் பிடிபட்டதே போன ஞாயிற்றுக்கிழமைதான், பஸ்ஸுக்கு நேரமாச்சா என்று சுவரைப் பார்த்துவிட்டுப் பத்தைக் கழித்தபோது கை அப்படியே நின்றுபோனது. கத்தினாள். வீடே அதிரக் கத்தினாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். போனவன் சும்மா இருந்தானா. பொண்டாட்டி முகம் கோணியிருக்கிறதே, ஏதாவது செய்வோம் என்று நேற்று உட்கார்ந்து மணியைச் சரிபண்ணியிருக்கிறான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் ஆபீஸில் ஞானசேகரன் மேசைக்கு முன்னால் போய் நின்று, கேமரா பத்து நிமிஷம் வேகமுங்க சார், நீங்களே பாருங்க என்று வீராப்பாக நீட்டினாள். அவர் தன் போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மணி. "நேரம் சரியாத்தானே இருக்குதுங்க மேடம்." சாயப்பட்டறை மேனேஜர் ஓரமாக உட்கார்ந்திருந்தான், பேப்பரை மூக்குக்கு நேரே தூக்கிக்கொண்டு சிரித்தான், தோள் குலுங்கியது. அவள் மூஞ்சியில் ஈயாடவில்லை. வெளியே வந்து போன் போட்டால் அந்த மனுசன் சொல்கிறான், "நாந்தான் சரிபண்ணி வெச்சனே, பாக்கலியா?" பெருமையாகச் சொன்னான். அவளுக்குப் போனை ரோட்டில் விட்டெறியலாம் போலிருந்தது.

நேரம் சரியாத்தானே இருக்குதுங்க மேடம். அந்த மேடத்தை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. சார், பழைய படத்தையெல்லாம் பத்து நிமிஷம் பின்னால் தள்ளிப் பாருங்க, எல்லாம் பாலத்து மேல வந்து உட்காருமுங்க என்று கெஞ்சினாள். அதற்கும் பதில் வைத்திருந்தார். "அப்படித் தள்ளிக்கிட்டே போனா யார் தோட்டத்துல வேணும்னாலும் கொண்டுபோய் நிறுத்தலாமே மேடம்." நியாயமான பேச்சு. நியாயமாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு இப்போது ஆகவில்லை. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கீழே ஓடையில் தண்ணீர் இன்றைக்கு நீலமாக ஓடியது. நேற்று என்ன நிறமோ. ஊரில் பிள்ளைகள் ஓடையைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பட்டறையில் என்ன நிறத்துப் பனியன் ஓடுகிறது என்று சொல்லும். வாடை மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கிக் கசந்தது. எட்டிப் பார்த்தாள், புளியமரத்து நிழல் பெட்டியின் மேல் பாதி விழுந்திருந்தது. அதனால்தான் செயற்கைக்கோள் பிடிபடவில்லை. இரண்டடி தள்ளி வெயிலில் உட்கார்ந்தால் உடனே பச்சையாகிவிடும். அவள் நகரவில்லை. நிழல் நகர்ந்தது. நிழலுக்குக் கூடவா அவசரம் என்று அதன் மேலும் கோபம் வந்தது. அன்றைக்கு இதே இடத்தில் இந்த எருக்கஞ்செடிக்குப் பின்னால்தான் குந்தியிருந்தாள். இன்னும் சரியாக விடியவில்லை. டேங்கர் லாரி விளக்கைப் போடாமல் ரிவர்ஸிலேயே வந்து நின்றது, ஒருவன் குதித்துக் குழாயை ஓடைக்குள் விட்டான், ரத்தம் மாதிரி கொட்டியது. இவள் படமாக எடுத்துத் தள்ளினாள். லாரியின் பின்பக்கம், குழாய், சிவப்புத் தண்ணி, எருக்கஞ்செடி. பாலம் ஒரு படத்தில்கூட விழவில்லை. நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருந்தது, அவர்கள் அப்பித்தானே வைப்பார்கள். போட்டோ மட்டும் போதாது, எந்த ஓடையோ யார் கண்டது, இடம் தெரிகிற மாதிரி கொண்டாங்க என்று முன்னமே இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதற்காகத்தான் வளையலைக் கழற்றிக் கொடுத்து இந்தச் சனியனை வாங்கினாள்.

லாரி போனதும் அவள் நேரே வீட்டுக்குப் போயிருந்தால் ஒன்றுமில்லை. படமெல்லாம் அவள் வீட்டு வாசலில் போய் விழுந்திருக்கும், ஸ்டுடியோக்காரி கூடத்தில் சாயம் காய்ச்சுகிறாள் என்று சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பழனாத்தாவிடம்தான் ஓடினாள், ஆதாரம் கெடச்சுருச்சுக்கா என்று சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பழனாத்தா சாணிக் கையோடு வந்து அப்படியே கட்டிக்கொண்டாள். "மவராசியா இருப்ப கண்ணு, உக்காரு, காப்பித்தண்ணி வெக்கறேன்" என்றாள். கிணற்றுத் தண்ணியில் காப்பி வைத்து மூன்று வருசம் ஆகிறது. மேற்கே காட்டு மூலையில் இருக்கிற போர்க்குழாய்த் தண்ணிதான் குடிக்க, மாட்டுக்கு, வாழைக்கு, எல்லாத்துக்கும். கிணறு கிடக்கிறது சிவப்பாக, எட்டிப் பார்த்தால் நம் முகமே யாரோ அடித்துப்போட்ட முகம் மாதிரி தெரியும். அந்தக் காப்பியை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தாளே, நேரத்தைக் குடித்தாள், அந்தப் பெட்டி பக்கத்தில் பையில் உட்கார்ந்துகொண்டு களத்தைக் குறித்துக்கொண்டிருந்திருக்கிறது. பதினைந்து நாள் கழித்து நோட்டீஸ் வந்தது. பட்டறைக்கு இல்லை. பழனாத்தாவுக்கு. காசு வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குள் கழிவுநீர் கொட்ட இடம் கொடுத்ததாக. அப்படிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்தான், இல்லையென்று சொல்ல முடியாது. மறுநாளே போர் மோட்டாரின் கரண்ட்டுப் பீஸைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோகிலவாணி தலைதெறிக்க ஓடினபோது பழனாத்தா குடத்தோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று. மாடு கத்துகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. அக்கா என்றாள். பழனாத்தா நிற்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை, மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட தேவலை. குடத்துத் தண்ணி தளும்பாமல் பார்த்து நடந்தாள், அவ்வளவுதான். வாழை குலை தள்ளுகிற நேரம். இன்னும் ஒரு வாரம் தண்ணி இல்லையென்றால் மடிந்து விழுந்துவிடும். இன்றைக்கு ஞானசேகரன் எழுதிக்கொண்டு போய்விட்டால் பீஸ் திரும்ப வராது, அவர் வாயாலேயே காலையில் சொன்னார். பழனாத்தாவையும் இங்கே வரச்சொல்லியிருக்கிறார். வருவாள். வந்து அந்தப் பக்கம் திரும்பி நிற்பாள்.

மணியைத் திரும்பவும் பத்து நிமிஷம் தள்ளி வைத்துவிட்டால் என்ன. யோசனை வந்ததும் விரல் கேமராவுக்குப் போய்விட்டது. இரண்டு பொத்தான் அமுக்கினால் போதும். படம் இங்கே விழாது, பெட்டி இன்னும் குறிக்காத நேரத்தில் போய் நிற்கும், பாருங்க சார், நான் சொன்னேனே. பாருங்களாவது. காலையில் அவர் கண்ணால் பார்த்துப் போனோடு ஒத்துப்பார்த்துக் குறித்து வைத்துவிட்டாரே. இப்போது தள்ளி வைத்தால் கள்ளி என்பார், மேனேஜர் தோளைக் குலுக்குவான். உண்மைக்காகப் பொய் செய்யப் போய் இருந்த உண்மையும் போய்விடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது போதாதா. தள்ளி வைத்திருந்தது என்பதற்கு ஒரு அத்தாட்சி, ஒன்றே ஒன்று கிடைக்காதா. கெடியாரம் தெரிகிற பழைய படம் ஏதாவது இருந்தால், கெடியாரத்தில் ஒரு மணியும் படத்தில் ஒரு மணியும் இருக்குமே. கேமராவில் இரண்டாவது கார்டில் பழைய கல்யாணமெல்லாம் அழிக்காமல் கிடந்தது. பின்னால் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். ஒரு மண்டபத்துச் சுவரில் பெரிய கெடியாரம் தெரிந்தது, உற்றுப் பார்த்தால் கெடியாரமும் கேமராவும் ஒரே மணி. மண்டபத்துக்காரனும் பத்து நிமிஷம் தள்ளித்தான் வைத்திருக்கிறான். இன்னொரு மண்டபம், அங்கேயும் அப்படியே. அட கெரகமே. இந்த ஊரே ஒன்றுசேர்ந்து தள்ளி வைத்திருந்தால் யாரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது. தாலி கட்டுகிற அவசரத்தில் ஒரு ஊரே நாளைக்குள் ஓடி உட்கார்ந்திருக்கிறது, ஓடையில் என்ன ஓடுகிறதென்று பார்க்கத்தான் எவனுக்கும் நேரமில்லை. கோபத்தில் கட்டைவிரல் தானாகத் தள்ளிக்கொண்டே போனது. மாலை, பந்தி, மேளக்காரர், அழுகிற அம்மாக்காரி, மணவறை, குனிந்த தலை, தாலி. விரல் நின்றது. அந்தத் தாலிக்குப் பக்கத்தில் வேட்டியும் துண்டுமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவர் ஞானசேகரன்.

அவர் மகள் கல்யாணம். சாயத்தண்ணி படம் எடுத்த அதே வாரத்துத் திங்கட்கிழமை. சென்னியப்பன் மாப்பிள்ளை பக்கம் நின்று எடுக்க, தாலி படம் எடுத்தது இவள்தான். மறக்கிற கல்யாணமா அது. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. மாப்பிள்ளை வீட்டு பஸ் வழியில் பஞ்சராகி ஏழு மணிக்கும் வந்து சேரவில்லை. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். மண்டபமே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. இந்த ஞானசேகரன் கையில் போனைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கும் வாசலுக்கும் அலைந்த அலைச்சலைப் பார்த்து இவளுக்கே பாவமாக இருந்தது. மாப்பிள்ளையை இறங்கின காலோடு இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். தாலி ஏறியதும் போனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார், ஏழு இருவத்திரண்டு, ஏழு இருவத்திரண்டு என்று ஒரம்பரை, சொந்தக்காரர் ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோகிலவாணி படத்தின் அடியில் இருந்த எழுத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை. ஏழு முப்பத்திரண்டு. நேரம் சரியாத்தானே இருக்குதுங்க மேடம். சரியென்றால் சரி. சரியென்றால் உங்கள் மகள் கழுத்தில் ராகுகாலம் பிறந்து இரண்டு நிமிஷம் கழித்துத்தான் தாலி ஏறியிருக்கிறது. இதைக் காட்டுவதா. பெற்றவன் நெஞ்சில் குத்துகிற வேலை இது, நல்ல காரியத்தை இப்படிப் பேசலாமா என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. அந்தக் குரல் அவள் அம்மாவின் குரல் மாதிரி இருந்தது. பழனாத்தா மாடு கத்தியதும் காதில் விழுந்தது. அது பெரிதாக விழுந்தது. தூரத்தில் புழுதி கிளம்பியது, ஜீப் வந்தது.

ஞானசேகரன் இறங்கினார். பின்னால் மேனேஜர் பைக்கில் வந்து காலை ஊன்றி நின்றான். பழனாத்தா முன்னமே நடந்து வந்து பாலத்துக்கு அந்தக் கோடியில் இன்னொரு புளியமரத்தடியில் நின்றிருக்கிறாள், கோகிலவாணி கவனிக்கவில்லை. முக்காடு போட்டு ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுங்க மேடம், வெயில் ஏறுது" என்றார் ஞானசேகரன். "பெட்டி ரெடியாயிருச்சா?"

"அதுக்கு முன்னாடி ஒரு படம் பாருங்க சார்" என்று கேமராவை நீட்டினாள். "நம்ம பாப்பா கல்யாணம். நான் எடுத்ததுதானுங்க. இதே கேமராதான், அதே வாரந்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அட, இது ஆல்பத்துல வரலியே. நல்லா விழுந்திருக்குது."

"கீழே மணி போட்டிருக்கும் பாருங்க."

பார்த்தார். மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது. கேமராவைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டத்தில் கொண்டுவந்தார். மேனேஜர் பைக்கிலிருந்தே, "என்னங்க சார்?" என்றான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது தப்பும்மா" என்றார். மேடம் போய் அம்மா வந்துவிட்டது. "ஏழு இருவத்திரண்டு. நான் போனைப் பாத்துக்கிட்டே நின்னேன். மண்டபமே சாட்சி இருக்குது."

"அப்ப கேமரா?"

ஓடை வாடைக்குக் கூட இதுவரை மூக்கைப் பொத்தாதவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கேமரா சரினு காத்தால நீங்கதான சார் சொன்னீங்க. சரின்னா இதுவும் சரிங்க. எனக்கென்ன, நீங்க எப்புடிச் சொல்றீங்களோ அப்புடி வெச்சுக்கலாமுங்க."

"வேகம்" என்றார் அவர். "பத்து நிமிஷம் வேகமாத்தான் இருந்திருக்குது. இடையில எவனோ மாத்தியிருக்கான்."

"என் வீட்டுக்காரருங்க. எழுதிக்குங்க சார்."

ஜீப்பின் பானெட்டில் பேப்பரை வைத்து எழுதினார். பேனா ஓடியது, என்ன வேகமாக ஓடியது. கோகிலவாணிக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, முன்னைவிட அதிகமாகக் கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று வருசமாகச் சிவப்பாகக் கிடக்கிற கிணற்றைப் பார்த்து அசையாத பேனா இது. மாடு தண்ணிக்குக் கத்தியபோது அசையாத பேனா. இரண்டு நிமிஷ ராகுகாலத்துக்கு இந்த ஓட்டம் ஓடுகிறது. பெண்ணைப் பெற்றவனின் பயம் அவளுக்குப் புரியாமல் இல்லை, புரிந்ததனால்தான் இன்னும் எரிந்தது. அந்தப் பயத்தில் ஒரு கை அள்ளிப் பழனாத்தாவுக்காகப் பட்டிருக்கக் கூடாதா இந்த ஆள். மேனேஜர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். பழைய படங்களை அவரே லேப்டாப்பில் பத்து நிமிஷம் பின்னால் தள்ளினார், ஒவ்வொன்றாகப் பாலத்தின் மேல் வந்து உட்கார்ந்தன. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பீஸைப் போடச்சொல்லிப் போனிலேயே சொல்லிவிட்டார்.

ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, அந்தப் படத்துல மணியை மட்டும் மாத்திக் குடுத்தர முடியுமா? சம்பந்தி வீட்டுல யாராச்சும் பாத்தாங்கன்னா வீண் மனக்கஷ்டம்."

"மாத்தலாமுங்க சார், ஒரு நிமிஷ வேலை" என்றாள் கோகிலவாணி. "மாத்திட்டா அப்புறம் நமக்கு ஆதாரம் இருக்காதுங்களே. பட்டறை மேல கேஸ் முடியற வரைக்கும் அந்தப் படம் உங்க கேஸ் பைலுக்குள்ளதான் இருக்கோணும், ஏழு முப்பத்திரண்டோட. சீக்கிரம் முடிச்சுப்போடுங்க."

அவர் பேப்பரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

புழுதி அடங்கியது. வாரில் மாட்டியிருந்த பெட்டியைப் பார்த்தாள், எப்போதோ பச்சையாகியிருந்தது. பழனாத்தா பாலத்தைத் தாண்டி வந்து அவளருகில் நின்றாள். முக்காட்டை இறக்கிவிட்டு, "இப்ப மணி என்ன கண்ணு?" என்றாள். மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும். கோகிலவாணி கைக்கெடியாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். வழக்கம்போலப் பத்தைக் கழித்துச் சொன்னாள்.